போன்ல கொழுவுற மைக்ரோஸ்கோப் லென்ஸ்: நந்திக்கடல் சேத்தில 4 மாசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

ஒன்லைனில 2,850 ரூபாவுக்கு வாங்கினது, கூரியர் காசு 400 தனி. போன் கமராவுக்கு மேல கிளிப்பால கொழுவுற சின்ன மைக்ரோஸ்கோப் லென்ஸ், பெட்டியில 100 மடங்கு பெருசாக் காட்டும் எண்டு அடிச்சிருக்கு. பெயர் எண்டு ஒண்டும் இல்லாத சாமான், இதே உருவத்தில பத்துப் பெயரில விக்கிறாங்கள், அதால என்ன பிராண்ட் எண்டு கேட்டா என்னட்ட மறுமொழி இல்லை. நான் முள்ளியவளையில இருந்து எழுதுறன், ஆண்டு 8, 9 பிள்ளையளுக்கு விஞ்ஞானம் ரியூசன் குடுக்கிறன். வாங்க முதல் தேடிப் பாத்த ரிவியூ எல்லாத்திலயும் ஆக்கள் வெங்காயத்தோல், துணி நூல், எறும்பு, காசு நோட்டு இதுகளைத்தான் வைச்சுப் பாத்திருந்தினம். நான் பாத்தது சேறு. முல்லைத்தீவில இருக்கிற நந்திக்கடல் களப்புச் சேறு. 4 மாசமா வேற ஒண்டும் பாக்கேல்ல எண்டே சொல்லலாம், அதால இந்த ரிவியூ பாதி லென்ஸைப் பற்றியும் பாதி சேத்தைப் பற்றியும் தான் இருக்கும், ரெண்டையும் பிரிச்சு எழுத எனக்குத் தெரியேல்ல.

சேறு ஏன் எண்டு சொல்லுறன். நுண்ணங்கி பாடம் படிப்பிக்கேக்க ஆளுக்கொரு இடத்தில குளத்துத் தண்ணி கொஞ்சம் எடுத்து வாங்கோ எண்டு சொல்லி விட்டனான். ஒரு பெடியன், தகப்பனுக்கு வீச்சுவலைத் தொழில், யோகட் கப் ஒண்டில நந்திக்கடல் கரைச் சுரியை நிரப்பிக் கொண்டு வந்திட்டான். மேல ஒரு விரல்கடை தண்ணி கூட இல்லை, கன்னங்கரேல் எண்டு கிடக்கு, மணம் எண்டா கூழ்முட்டை மணம். மற்றப் பிள்ளையள் மூக்கைப் பொத்திக்கொண்டு "ரீச்சர், எறியச் சொல்லுங்கோ ரீச்சர்" எண்டுதுகள். நானும் எறியச் சொல்லத்தான் வாயைத் திறந்தனான். எனக்கு அந்தச் சேறு எண்டாலே ஒரு மாதிரி. 2009 வைகாசியில, சண்டை முடியிற நேரம், நந்திக்கடலுக்கு மேலால போற வட்டுவாகல் பாலத்தால அம்மான்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்த சனத்தில நானும் ஒருத்தி, அண்டைக்கு ரெண்டு பக்கத்துத் தண்ணிக்கையும் சேத்துக்கையும் கண்டதை இண்டு வரைக்கும் நான் ஆரோடயும் கதைச்சதில்லை. அதுக்குப் பிறகு பஸ்ஸில அந்தப் பாலத்தால போனாலும் முன் கண்ணாடியை நேர பாத்துக்கொண்டுதான் போறனான். ஆனா பெடியன் ஆசையாக் கொண்டு வந்திருந்தான், மற்றதுகள் கத்தக் கத்த அவன்ர முகம் சுருங்கிப் போச்சு. சரி, வைச்சிட்டுப் போ, பாப்பம் எண்டன்.

முதல் நாள் ஒண்டும் தெரியேல்ல. ரெண்டாம் நாளும் இல்லை. பெட்டிக்குள்ள வந்த தாளில முக்கால்வாசி சீன எழுத்து, அதால நான் பட்டுத் தெளிஞ்சதை வாங்கப்போறவைக்கு விளக்கமாச் சொல்லிடுறன். சேத்தை அப்பிடியே அப்பி வைச்சா வெளிச்சம் போகாது, திரை முழுக்கக் கறுப்புத்தான். ஈர்க்கு நுனியில ஒட்டுற அளவு காணும். அதைக் கரைக்கிறதுக்கு அதே களப்புத் தண்ணியும் வேணும், நான் முதல்ல கிணத்துத் தண்ணியில கரைச்சிட்டன், உப்பில வாழுற சின்னச் சீவன்களுக்குள்ள நல்ல தண்ணி பூந்து ஊதிச் செத்துப்போகும் எண்டது நானே பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற விசயம், ஆனா அந்த நேரம் யோசிக்கேல்ல. அடுத்தது லைட். இந்த லென்ஸில இருக்கிற லைட் மேல இருந்து கீழ அடிக்குது, துணி, இலை, தோல் பாக்க அது நல்லம், தண்ணித் துளிக்கு உதவாது, மினுக்கம் மட்டும்தான் வரும். அதை நிப்பாட்டிப்போட்டு இன்னொரு போன்ர ரோச்சைப் போட்டு அதுக்கு மேல ஒரு ரிசுப் பேப்பர் விரிச்சு, அதுக்கு மேல கண்ணாடித் தகட்டை வைச்சுப் பாருங்கோ. நான் ரெண்டு நாளாப் பாத்த லென்ஸும் இதுதானோ எண்டு நீங்களே கேப்பியள், அவ்வளவு வித்தியாசம்.

மூண்டாம் நாள்தான் கண்டம். திரையில வெள்ளை நூல் ஒண்டு கிடந்தது, தும்பு எண்டு நினைச்சு ஈர்க்கால தட்டப் போறன், அது பாம்பு மாதிரி ரெண்டு பக்கமும் அடிச்சுது. "ரீச்சர், நூல் உயிரோட கிடக்கு!" எண்டு ஒரு பெட்டை கத்தினாள் பாருங்கோ, மூக்கைப் பொத்தினதுகள் எல்லாம் மேசைக்கு மேல ஏறாத குறை. அது உருளைப்புழு. மண்புழு மாதிரி வளையம் வளையமா இருக்காது, சுருங்கி நீளவும் தெரியாது, வளைஞ்சு வளைஞ்சு அடிக்க மட்டும்தான் தெரியும், அதை வைச்சே கண்டுபிடிக்கலாம். உலகத்தில உள்ள மிருகங்களைத் தலை தலையா எண்ணினா அஞ்சில நாலு இந்தச் சாதிதான் எண்டு சொல்லுவினம், இப்பிடியான சேத்தில ஒரு சதுர மீற்றருக்கு பத்து லட்சத்துக்கு மேலயும் இருக்கும். யோகட் கப் வாயளவு இடத்துக்கு எத்தினை வரும் எண்டு கணக்குப் போடச் சொன்னன், கணக்குப் பாடத்தில வாயே திறக்காத பெடியன் முதல்ல விடை சொன்னான்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒண்டு. ஒத்தைக் கண்ணோட துள்ளித் துள்ளி ஓடுற கோப்பிபொட், பாக்க இறால் குஞ்சின்ர குஞ்சு மாதிரி இருக்கும். சுண்ணாம்பில செய்த ஊரி மாதிரிச் சின்னச் சின்னக் கோதுகள், அதுக்குப் பெயர் போராமினிபெரா, உள்ளுக்க இருக்கிறது ஒரே ஒரு கலம், அந்தக் கலம் தனக்கு இவ்வளவு வடிவான வீடு கட்டுது. எனக்கு ஆகப் பிடிச்சது தயற்றங்கள், ஒரே ஒரு கலம் மட்டும் உள்ள பாசிச் சாதி. பொன் கலந்த மண்ணிறத்தில சின்ன வள்ளங்கள் மாதிரி, கையும் இல்லை காலும் இல்லை, ஆனா வழுக்கிக்கொண்டு போகுதுகள். அதின்ர ஓடு கண்ணாடிக்குச் சொந்தமான சிலிக்கா. ஒரு தட்டையான தட்டில சேத்தைப் பரப்பி யன்னலுக்குப் பக்கத்தில வையுங்கோ, காலமை வெயில் ஏற ஏற அந்தக் கறுப்புக்கு மேல பொன்னிறப் படை ஒண்டு வரும், இருட்ட முதல் திருப்பிக் காணாமப் போயிடும். நான் முதல்ல ஊத்தை படியுது எண்டு நினைச்சன். அவ்வளவும் தயற்றங்கள், வெளிச்சத்துக்கு மேல ஏறி வந்து சாப்பாடு செய்து போட்டு கீழ இறங்குதுகள். ஊரும்போது விடுகிற பசையால சேத்துத் துணிக்கை எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டி நிக்குது, அந்தப் பசை இல்லாட்டி காத்தடிக்கிற நாளில களப்பு இன்னும் எவ்வளவு கலங்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கடலிலயும் நல்ல தண்ணியிலயும் உள்ள தயற்றங்கள் எல்லாத்தையும் சேத்தா உலகத்தில வருசா வருசம் புதுசா உண்டாகிற ஒட்சிசனில ஏறக்குறைய அஞ்சில ஒரு பங்கு அதுகள் விடுறதுதான்.

இப்ப லென்ஸின்ர குறைகள். 100 மடங்கு எண்டது பொய். அடிமட்டத்தை வைச்சுப் பாத்தன், என்ர போன் திரை அகலம் 7 சென்ரிமீற்றர், அதில 2 மில்லிமீற்றர் இடம் தெரியுது, அப்ப 35 மடங்கு. சூம் பண்ணினா இன்னும் பெருசாகும், ஆனா புதுசா ஒண்டும் தெரியாது, மங்கும். 35 மடங்கே புழுவுக்கும் கோப்பிபொட்டுக்கும் பெரிய தயற்றத்துக்கும் காணும், ஆனா பெட்டியில அடிச்சது அடிச்சதுதான், 100 எண்டு நம்பிக் காசு குடுக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும். கிளிப் வழுக்குது, போன் கவரைக் கழட்டினாத்தான் நிக்கும், ரெண்டு மூண்டு கமரா இருக்கிற போன் எண்டா எது மெயின் கமரா எண்டு விரலால மறைச்சு மறைச்சுப் பாத்துக் கண்டுபிடியுங்கோ. எனக்கு முதல் வந்தது வெடிச்ச லென்ஸ், மாத்தித் தந்தவங்கள்தான், ஆனா 3 கிழமை போட்டுது.

பக்ரீரியா தெரியாது. அதை எதிர்பாத்து வாங்காதேங்கோ, அதுக்கு 1000 மடங்கு வேணும், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில நல்ல மைக்ரோஸ்கோப் இருந்தாத்தான். எனக்கு அது கவலையாத்தான் இருந்தது, ஏனெண்டா சேத்துக்குள்ள பெரிய வேலை முழுக்கச் செய்யிறது அதுகள்தான். ஒட்சிசன் சேத்துக்குள்ள சில மில்லிமீற்றர்தான் இறங்கும். அதுக்குக் கீழ இருக்கிறதுகள் நாங்கள் ஒட்சிசனை எடுக்கிற மாதிரி கடல் தண்ணியில இருக்கிற சல்பேற்றை எடுத்து வாழுதுகள், அதின்ர மூச்சுத்தான் அந்தக் கூழ்முட்டை மணம், ஐதரசன் சல்பைட்டு. அது மண்ணில இருக்கிற இரும்போட சேந்தா கறுப்பு. கறுப்புச் சேத்தை ஒரு கரண்டி எடுத்துக் காத்துப்பட வைச்சா கொஞ்ச நேரத்தில மேல்பக்கம் மண்ணிறமா மாறத் தொடங்கும், பிள்ளையளுக்கு ஒட்சியேற்றம் படிப்பிக்க இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது. புழுப் புத்தைச் சுத்தி மட்டும் மண்ணிற வளையம் ஒண்டு இருக்கிறதையும் இந்த லென்ஸில வடிவாக் காணலாம். புழு தண்ணியை உள்ள இழுத்து இழுத்து விடுறதால அந்த ஓட்டை வழியா ஒட்சிசன் இறங்குது. வயலுக்கு மண்புழு செய்யிற வேலையை இஞ்ச கடல்புழு செய்யுது. மாரியில எங்கட வயலுகளுக்குப் போடுற யூரியாவில ஒரு பங்கு வாய்க்காலாலயும் பேராத்தாலயும் வந்து விழுறதும் இந்தக் களப்புக்குள்ளதான், அதை எடுத்து நைதரசன் வாயுவாக்கி திருப்பிக் காத்துக்கே அனுப்புறதும் சேத்துப் பக்ரீரியாதான். ஒருத்தரும் சம்பளம் குடுக்கேல்ல, ஒருத்தரும் பாக்கவும் இல்லை, நடந்துகொண்டுதான் இருக்கு.

பக்ரீரியாவைக் காட்ட ஏலாது எண்டதுக்காக வேற வழி ஒண்டு செய்தம். 1880களில செர்கேய் விநோகிராட்ஸ்கி எண்ட ரஷ்ய விஞ்ஞானி செய்த வேலை. பெரிய சோடாப் போத்தலின்ர கழுத்தை வெட்டி, சேத்தோட கிழிச்ச பேப்பர், அவிச்ச முட்டை மஞ்சட்கரு, இடிச்ச முட்டைக்கோது கலந்து அமத்தி, மேல களப்புத் தண்ணி விட்டு, யன்னலில வைக்கிறது. முதல் ரெண்டு கிழமை மணம் தாங்கேலாது, அம்மா ரெண்டு தரம் வெளிய தூக்கி வைச்சிட்டா. 6 கிழமைக்குப் பிறகு அடியில கறுப்பு, நடுவில பச்சை, ஒரு பக்கத்தில நாவல்பழச் சாறு ஊத்தின மாதிரி ஊதாப் படை. அந்த ஊதாவும் பக்ரீரியாதான், கீழ இருக்கிறது விடுற சல்பைட்டை எடுத்து வெளிச்சத்தில சாப்பாடு செய்யிற சாதி. ஒண்டு ஒண்டாத் தெரியாட்டியும் கோடிக்கணக்கில சேந்தா நிறமா வெறும் கண்ணுக்கே தெரியுது. இதை லென்ஸ் வாங்காத ஆக்களும் செய்யலாம்.

2012 இல டென்மார்க்கில ஆர்ஹுஸ் குடாச் சேத்தில ஒரு பக்ரீரியாவைக் கண்டுபிடிச்சவை. ஆயிரக்கணக்கான கலங்கள் ஒண்டோட ஒண்டு பொருந்தி சென்ரிமீற்றர் கணக்கில நீளமான நூலா நிக்கும், கீழ் நுனி சல்பைட்டில இருந்து இலத்திரனை எடுக்குது, மேல் நுனி ஒட்சிசனுக்குக் குடுக்குது, நடுவில உண்மையான வயர் மாதிரி மின்னோட்டம் போகுது. ஒரே சீவன், ஒரு பக்கத்தால சாப்பிட்டு மற்றப் பக்கத்தால மூச்செடுக்கிற மாதிரி. இதை நான் வகுப்பில சொன்னபோது கரண்ட் போயிட்டுது, இருட்டில ஒரு பெடியன் "அப்ப சேத்துக்குள்ள கரண்ட் இருக்குதோ ரீச்சர்" எண்டு கேட்டான், அண்டையான் வகுப்பு அதோட முடிஞ்சுது, கேள்வி மட்டும் முடியேல்ல. பிறகு 2020 இல ஜப்பான் விஞ்ஞானிகள் வெளியிட்டது, தென் பசிபிக்கில ஏறக்குறைய 5,700 மீற்றர் ஆழத்துக்குக் கீழ இருந்து எடுத்த களியில, 10 கோடி வருசத்துக்கு முந்திப் படிஞ்ச படையில இருந்த நுண்ணங்கிகளுக்குச் சாப்பாடு குடுத்தவுடன எழும்பிப் பெருகத் தொடங்கிச்சுதுகள். டைனோசர் காலத்துச் சேறு. அதுக்குள்ள பட்டினியோட உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்ததுகள். இந்த இடத்தில வகுப்பில ஒருத்தரும் கதைக்கேல்ல, நானும் கொஞ்ச நேரம் கதைக்கேல்ல.

சேறு எடுக்கிறது பற்றி ஒரு முக்கியமான விசயம், தயவுசெய்து இதை மட்டும் பாத்துக் கடக்காதேங்கோ. லென்ஸ் வாங்கின ஆசையில கண்ட கண்ட கரையில இறங்காதேங்கோ. வன்னியில வெடிபொருள் எடுத்து முடியாத இடங்கள் இன்னும் இருக்கு. ஒவ்வொரு நாளும் தொழில் செய்யிற ஆக்கள் நடந்து திரியிற இடத்தில, அவையோட சேந்து போய், காலுக்குப் பக்கத்தில கிடக்கிற மேல் சேத்தை ஒரு கரண்டி எடுங்கோ, காணும். தோண்டாதேங்கோ. பிள்ளையளை அனுப்பாதேங்கோ. எங்களுக்கு எடுத்துத் தாறது யோகட் கப்பில சேறு கொண்டு வந்த அந்தப் பெடியன்ர தாத்தா, 70 வயசு தாண்டின மனுசன், எல்லாரும் அப்பு எண்டுதான் கூப்பிடுறது.

முதல் தரம் போய்க் கேக்க அப்பு நெத்தியைச் சுருக்கினார். "என்ன பிள்ளை, இறால் கேட்டு வருவினம், நண்டு கேட்டு வருவினம், நீ சேறு கேட்டு வந்து நிக்கிறாய்?" எண்டார். போனைக் காட்டினன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பாத்தார், புழு அடிக்கிறதையும் தயற்றம் வழுக்கிறதையும். பிறகு சொன்னார், "நீ மணலை மீனின்ர வயித்தை வெட்டிப் பாத்தனியோ? முழுக்க இதுதான் இருக்கும். அது என்னத்தைத் தின்னுது எண்டு நானும் இவ்வளவு காலம் யோசிச்சனான், சேத்தைத் திண்டு ஆரும் கொழுப்பினமோ எண்டு. இப்பவெல்லோ விளங்குது." அண்டைக்கு வீட்டுக்கு மணலை வாங்கிக்கொண்டு வந்து நானே வெட்டினன். மணலைக்குக் கோழிக்கு இருக்கிற மாதிரி கட்டியான இரைப்பை இருக்கு, சேத்தையும் மணலையும் போட்டு அரைக்கிறதுக்கு. குடலில கிடந்ததைக் கரைச்சு லென்ஸில வைச்சா தயற்ற ஓடுகள், மணல், தயற்ற ஓடுகள். குழம்புச் சட்டிக்கும் சேத்துக்கும் நடுவில ஒரே ஒரு மீன் தான் நிக்குது. இறாலும் அப்பிடித்தான், பெரியகடலில பொரிச்ச குஞ்சு முகத்துவாரத்தால சிறுகடலுக்குள்ள வந்து இந்தச் சேத்தில மேஞ்சுதான் வளருது. களி நண்டுக்குப் பெயரிலேயே சேறு இருக்கு. பூநகரி, இரணைதீவுப் பக்கம் வளக்கிற கடலட்டை சேத்தை ஒரு பக்கத்தால திண்டு அதில உள்ள சத்தை எடுத்துப்போட்டு மற்றப் பக்கத்தால துப்புரவான மண்ணா விடுற சீவன். வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் தண்ணியில விளக்கெரிக்கிற சனம் நாங்கள், தண்ணிக்கு அவ்வளவு மரியாதை குடுத்தம், அடியில கிடக்கிறதை மட்டும் ஏனோ ஊத்தை எண்டு விட்டிட்டம்.

அப்புவின்ர பேரன் கேட்டான், பெரியகடலுக்கு அடியிலயும் இதே சேறுதானோ எண்டு. நல்ல கேள்வி, எனக்கும் தேடிப் படிச்சபிறகுதான் முழுசாத் தெரிஞ்சுது. முல்லைத்தீவுக் கரையில நிண்டு கிழக்க பாத்தா ஆழக்கடலுக்கு அடியில கிடக்கிறது எங்கட மண் இல்லை, இமயமலை. கங்கையும் பிரமபுத்திராவும் அரிச்சுக் கொண்டு வந்து விட்ட வண்டல், வங்காள விரிகுடாவின்ர அடியால வழிஞ்சு வழிஞ்சு இலங்கையையும் தாண்டித் தெற்க போகுது, ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் நீளம், வடக்குப் பக்கத்தில தடிப்பு 16 கிலோமீற்றருக்கும் மேல. உலகத்திலேயே பெரிய கடலடி வண்டல் விசிறி இதுதான். 2015 இல ஜொய்டெஸ் ரெசலூஷன் எண்ட துளையிடும் கப்பல் 8 பாகை வடக்கில, அதாவது ஏறக்குறைய வாழைச்சேனைக்கு நேர் கிழக்கா, இந்த வண்டலைத் துளைச்சுக் குழாய் குழாயா எடுத்தது, இமயமலை எப்ப எப்பிடி உயந்தது, மழை எப்ப கூடிக் குறைஞ்சது எண்டு வாசிக்க. மலையில விழுந்த இலையும் குச்சியும் கூட அதுக்குள்ள கிடக்கு. தரையில இருந்து போய்க் கடலுக்கு அடியில புதையிற காபனில 10 இல இருந்து 20 வீதம் வரைக்கும் இந்த ஒரு இடத்திலதான் புதையுது எண்டு கணக்கிட்டிருக்கினம். அதே மாதிரி ஹம்பாந்தோட்டையில கரகன் களப்புச் சேத்தில குழாய் இறக்கிப் பாத்து, கறுப்புச் சேத்துக்கு நடுவில கடல் மணல் படைகளைக் கண்டு, 2004க்கு முந்தியும் சுனாமியள் வந்தது எண்டு நிறுவினவை. 2004 மார்கழியில முல்லைத்தீவில சொந்தக்காரரைக் குடுத்த வீட்டுப் பிள்ளையள் என்ர வகுப்பில இருக்கினம். சேறு அதையும் ஒரு கோடா வைச்சிருக்கும் எண்டதை அதுகள் எவ்வளவு கவனமாக் கேட்டதுகள் எண்டு எனக்குத்தான் தெரியும்.

உலகக் கடலடி முழுக்க மேல் ஒரு மீற்றர் வண்டலில மட்டும் ஏறக்குறைய 2,30,000 கோடி தொன் காபன் கிடக்கு, தரை மண்ணில அதே ஆழத்தில இருக்கிறதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கிண்டாம விட்டா ஆயிரம், லட்சம் வருசத்துக்கு அப்பிடியே கிடக்கும். இழுவைமடி அடியைச் சுரண்டிக்கொண்டு போகேக்க அந்தப் பூட்டு உடையுது, புழுப் புத்து, நண்டு வளை, தயற்றப் படை எல்லாம் ஒரே இழுவையில பிரளும், கலங்கின சேறு பக்கத்தில உள்ளதையும் மூடும், கிளம்பின காபனில ஒரு பங்கு காபனீரொட்சைட்டா மாறும். இலங்கையில 2017 இல இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. ஆனா வடகடலில இன்னும் இழுக்கினம், எந்தக் கரையில இருந்து வாற படகு எண்டது இந்த இடத்தில எனக்குப் பிரச்சினை இல்லை, அடியில இருக்கிற புழுவுக்கும் அது பிரச்சினை இல்லை. ஆழக்கடல் களி ஒரு மில்லிமீற்றர் படிய ஆயிரம் வருசம் எடுக்கிற இடங்கள் இருக்கு. இதை அறிஞ்சபிறகு எனக்கு அந்த மடியைப் பற்றி நிதானமாக் கதைக்க வருகுதில்லை.

சரி, லென்ஸுக்கு வாறன். 4 மாசத்தில கிளிப்பின்ர ஸ்பிரிங் கறள் பிடிச்சிட்டுது, உப்புத்தான் காரணம், ஒவ்வொரு தரமும் பாவிச்ச பிறகு நல்ல தண்ணி தொட்ட துணியால துடைச்சு உலர விட்டிருந்தா இவ்வளவு வந்திராது. லென்ஸைத் துணியால தேய்க்காதேங்கோ, ஒரு மணல் துணிக்கை காணும் கீறுறதுக்கு, ஊதிப்போட்டுத் துடையுங்கோ. பட்டன் பற்றரி மூண்டு போடுறது, மணிக்கூடு திருத்திற கடையில எடுக்கலாம், கீழ இருந்து ரோச் அடிச்சுப் பாக்கிற எண்டா அதுவும் தேவையில்லை. 5க்கு நான் 4 குடுக்கிறன், குறைச்ச ஒண்டு அந்த 100 மடங்குப் பொய்க்கு. கரையோரத்தில பிள்ளையள் உள்ள வீட்டுக்கும், ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் யோசிக்காம வாங்கலாம். வெளிநாட்டில இருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன அனுப்புறது எண்டு கேக்கிறவைக்கும் இதைத்தான் சொல்லுவன், ஒண்டு இல்லை, ஒரு வகுப்புக்கு பத்து அனுப்புங்கோ.

போன மாசம் ஒரு ஞாயிறு பின்னேரம் அப்பு வட்டுவாகல் பக்கம் வலை வீசப் போறன் எண்டார். நானும் வாறன் எண்டன், பிறகு அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு தானும் வாறன் எண்டு வெளிக்கிட்டா. ஏன் எண்டு நான் கேக்கேல்ல. பாலத்தடியில அப்பு ஒரு கரண்டி எடுத்துத் தந்தார், கறுப்பு, அதே மணம், பாலத்துக் கட்டில வைச்சுக் கரைச்சன். அம்மா போனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு பாத்தா, கோப்பிபொட் ஒண்டு துள்ளித் துள்ளி ஓடிக்கொண்டு இருந்தது, அதுக்குப் பின்னால அதின்ர முட்டைப் பை ஆடிக்கொண்டு போகுது. "உது குஞ்சுத்தாச்சி" எண்டா. கொஞ்சம் பொறுத்து, "எங்கட சேத்துக்கையோ" எண்டா. ஓம் அம்மா எண்டன். கனடாவில இருக்கிற சித்திக்கு அனுப்ப வேணும், வீடியோ எடு எண்டா. எடுத்தம், ஆனா சரியா வரேல்ல. வீடியோ எடுக்கிற எண்டா போனைக் கையில பிடியாம ரெண்டு பக்கமும் கல்லோ போத்தல் மூடியோ வைச்சு அதுக்கு மேல வையுங்கோ, கை கொஞ்சம் நடுங்கினாலும் ஒண்டும் தெரியாது.